மருமவனே, அந்தத் துட்டுக் காயிதத்தைக் கிழிச்சிராத

மருமவனே, உனக்கு அறுபது வயசு நிறையுதாமே. மண்டபம் பிடிச்சாச்சு, சமையலுக்கு ஆள் சொல்லியாச்சு, அதோட ஒரு மலரும் போடப் போறேன்னு போன்ல சொன்ன. இங்க தேரிக்காட்டுப் பக்கம் சிக்னல் காத்து அடிச்சா வரும், நின்னா போயிரும். வந்த மட்டுக்கும் கேட்டுக்கிட்டேன். "எனக்கு வந்த கடிதங்களும் என் பொதுவாழ்வும்" அப்படீன்னு தலைப்பாம். வழவழ தாளாம். மொத்தம் அறுபது பக்கமாம், வயசுக்கு ஒரு பக்கம். நல்லவேளை, நூறாம் கல்யாணம் வரைக்கும் நீ காத்திருக்கலை.

உள்ளே போடப் போற சரக்கையும் சொன்ன. பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்ட வாழ்த்து நாலு. நீ வார்டு மெம்பரா இருந்தப்போ எழுதின மனுவுக்கெல்லாம் வந்த பதில் பதினொண்ணு. அந்தப் பதினொண்ணையும் நான் வாசிச்சிருக்கேன். உன் மனு கிடைச்சுது, பரிசீலனையில இருக்குன்னு பத்து விதமாச் சொல்லுது. அதுல ரெண்டு, தேதி ஒண்ணைத் தவிர எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதாம். அதையும் பக்கத்துல பக்கத்துல போட்டுராத. சனம் ஆறு வித்தியாசம் கண்டுபிடின்னு நினைச்சுக்கிடும்.

கடைசியாத்தாம் விசயத்துக்கு வந்த. "மாமா, உங்ககிட்ட என் பழைய காயிதம் ஏதும் இருந்தாக் குடுங்க."

இருக்கு. உங்கம்மை குடுத்த ஓலைப்பெட்டி நிறைய இருக்கு. ஆனா நீ நினைக்கிற ரகம் இல்லை.

முப்பத்தஞ்சு வருசம் தபால் பை சுமந்தவன் நான். திருநெல்வேலி பாசஞ்சர்ல திருச்செந்தூர் வந்து இறங்குற கட்டுல இருந்து நம்ம ஊர்ப் பங்கை வாங்கி, சைக்கிள்ல வச்சு, மணல்ல பாதி தூரம் தள்ளிக்கிட்டு வரணும். கொண்டு குடுத்தா மட்டும் வேலை முடிஞ்சிராது. வாங்குறவளுக்கு வாசிக்கத் தெரியாது. திண்ணையில உட்காந்து வாசிச்சுச் சொல்லணும். அவ அழுது முடிச்ச பொறவு, சொல்லச் சொல்லப் பதிலையும் எழுதணும். வாசிச்சதை வெளியில சொல்லக் கூடாதுங்கிறது தொழில் தர்மம். மறந்துரணும்னு எந்த ரூல்புக்லயும் இல்லை. அதனாலதாம் உனக்கு யோசனை சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி இருக்குன்னு நினைக்கேன்.

நீ பெரிய மனுசன் மாதிரி மலர் போடணும்னு ஆசைப்படுத. அது தப்பில்லை. ஆனா பெரிய மனுசங்க காயிதம் எப்படி இருந்துச்சுன்னு முதல்ல பாரு.

தூரமாப் போவாண்டாம், மணப்பாட்டுக் குன்றுல இருந்து தொடங்குவோம். சவேரியார் நம்ம கடற்கரைக்கு 1542ல வந்தார். இன்னைக்குக் கோவாவுல கண்ணாடிப் பெட்டிக்குள்ள கிடக்கார், உலகமே வந்து கும்பிடுது. அவர் எழுதினதுல இன்னைக்கு மிஞ்சி நிக்கிற ஆகப் பழைய காயிதம் எது தெரியுமா? 1535 மார்ச்சுல, பாரிஸ்ல படிச்சுக்கிட்டு இருந்தப்போ ஊர்ல இருந்த அண்ணனுக்கு எழுதினது. என்ன எழுதியிருப்பார்? வேதாந்தமா? படிக்க வந்த இடத்துல கைச்செலவுக்கு ரொம்பக் கஷ்டம், உதவி பண்ணுங்கன்னு எழுதியிருக்கார். அதோட, தன்னைப் பத்தி எவனோ அண்ணன் காதுல கோள் மூட்டிட்டான், அதை நம்பாதீங்கன்னும் எழுதியிருக்கார். கொண்டுபோய்க் குடுத்த தபால்காரன் லேசுப்பட்ட ஆளில்லை, பின்னால இயேசு சபையைத் தொடங்கின சாட்சாத் இஞ்ஞாசியார். நான் கொண்டு வந்த காயிதத்துக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்? எங்க சைக்கிளுக்கு பெல் உண்டு, அவ்வளவுதாம்.

அதே சவேரியார் 1544ல, இங்கன இருந்துதாம், கூட வேலை பாத்த மான்சிலாஸ்ங்கிறவருக்கு வரிசையாக் காயிதம் எழுதுதார். மணப்பாட்டுல இருந்து, தூத்துக்குடியில இருந்து, வீரபாண்டியன்பட்டினத்துல இருந்து. செப்டம்பர் மாசம் ஆலந்தலையில இருந்தும் நம்ம திருச்செந்தூர்ல இருந்தும்கூட. அந்த ஜூன்ல குமரிமுனைப் பக்கம் வடுகப் படை அடிச்சு, சனம் கடலுக்குள்ள இருக்கிற பாறையில ஏறிப் பசியும் தாகமுமாக் கிடக்கு. இவர் மணப்பாட்டுல இருந்து இருபது தோணியில சோறு தண்ணி ஏத்திக்கிட்டுப் புறப்படுதார். காத்து எதிர்த்து அடிக்கி. போய்ச் சேர முடியலை. முடியலைன்னே எழுதியும் வச்சிருக்கார். நீயா இருந்தா, "இருபது தோணிகளில் நிவாரணப் பொருட்களை அனுப்பி வைத்தபோது" அப்படீன்னு ஒரு போட்டோ போட்டு, காத்தை மலர்ல இருந்து நீக்கியிருப்ப.

இதுல எனக்குப் பிடிச்ச இடம் வேற. அந்த மான்சிலாஸ் பொறவு சொன்ன பேச்சு கேக்கலை. 1548ல சபையை விட்டே அவரை நீக்கிட்டாங்க. நீக்கினது யாருன்னு நினைக்க? சவேரியாரேதாம். உன்னைக் கட்சியில இருந்து ஒரு ஆறு மாசம் தள்ளி வச்சப்போ, தலைவரோட எடுத்த போட்டோவையெல்லாம் சுவத்துல இருந்து கழட்டினியே, ஞாபகம் இருக்கா? மான்சிலாஸ் ஒரு காயிதத்தையும் கிழிக்கலை. சாகுற மட்டும் வச்சிருந்தார். அதனாலதாம் நானூத்தி எண்பது வருசம் கழிச்சு நான் திண்ணையில உட்காந்து இந்தக் கதையை உனக்குச் சொல்லுதேன். சவேரியாரும் காயித விசயத்துல லேசுப்பட்டவர் இல்லை. கூட்டாளிங்க அனுப்பின காயிதங்கள்ல அவங்க கைப்பட எழுதின பேரை மட்டும் வெட்டி எடுத்து, எப்பவும் உடம்போட வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கார். 1546ல அம்போன் தீவுல இருந்து அவரே எழுதியிருக்கார்.

சரி, வேதக்காரங்க கதை போதும்பே. எட்டயபுரத்துக்கு வா.

பாரதி 1897 ஜனவரியில எட்டயபுரம் ராசாவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினான். பதினாலு வயசு. திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளிக்கூடத்துப் பையன். அப்பா போட்ட பஞ்சாலை நொடிச்சுப் போச்சு, படிக்கத் துட்டில்லை, உதவி பண்ணுங்கன்னு கேக்கான். அதையும் செய்யுளாவே கேக்கான். துட்டுக் கேக்கிறதிலயும் எதுகை மோனை பாத்த பய. இதுவும் துட்டுக் காயிதந்தாம்.

1920ல அதே ஆள் ஊரெல்லாம் ஒரு சுற்றறிக்கை அனுப்புதான். தன் எழுத்தையெல்லாம் நாப்பது புஸ்தகமாப் போடப் போறேன், ஒவ்வொண்ணும் பத்தாயிரம் பிரதி, மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விக்கிற மாதிரி, அதையும்விட வேகமா வித்துரும், கடன் குடுங்க, வட்டியோட திருப்பித் தாறேன்னு. கூட்டிப் பாரு, நாலு லட்சம் புஸ்தகம். அதுக்கு அடுத்த வருசம் செப்டம்பர்ல ஆள் போயாச்சு. நாப்பது புஸ்தகம் வரலை. பத்தாயிரம் வரலை. அந்தத் துட்டுக் கேட்ட காயிதம் மட்டும் நிக்குது. அதை வாசிச்சா, பாரதி பத்தி நூறு மேடையில பேசினதைக் கேட்டதைவிட ஒரு சொட்டு கூடுதலா அந்த ஆளைத் தெரியும்.

இப்பம் வ.உ.சி. இதை நிதானமாக் கேளு. நீ மலர்ல முதல் பக்கத்துல அவர் படத்தைப் போடப் போறேன்னு சொன்னதால, அந்தப் படத்துக்குப் பின்னால இருக்கிற காயிதத்தைத் தெரிஞ்சுக்கோ.

ஓட்டப்பிடாரத்து வக்கீல். 1906 அக்டோபர்ல சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு பண்ணுதார். மூலதனம் பத்து லட்சம், இருபத்தஞ்சு ரூபாய் ஷேர் நாப்பதாயிரம். காலியா, லாவோன்னு ரெண்டு கப்பல். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவுல வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிரா ஓட்டுதார். 1908 மார்ச்சுல பிடிச்சு உள்ள போட்டாங்க, ஜூலையில ரெட்டை ஆயுள் தண்டனை. பொறவு மேல்முறையீட்டுல குறைஞ்சு, கோயம்புத்தூர்ல செக்கிழுத்து, கண்ணனூர் ஜெயில்லயும் கிடந்து, 1912 டிசம்பர்ல வெளிய வாரார். கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. பிள்ளைக்குட்டிக்காரர். மெட்ராஸ்ல போய்க் குடித்தனம்.

இதுக்கிடையில தென்னாப்பிரிக்காவுல இருந்த நம்ம தமிழ் சனம் அவர் குடும்பத்துக்குன்னு துட்டுப் பிரிச்சுக் காந்தி கையில குடுத்திருக்கு. 1915 ஏப்ரல்ல காந்தி மெட்ராஸ் வந்து தம்புச் செட்டித் தெருவுல, ஜி.ஏ. நடேசன் வீட்டுல தங்குதார். ரெண்டு பேருக்கும் நடுவுல காயிதம் நடக்கு. பாக்கணும்னு வ.உ.சி. எழுதுதார். காலையில ஆறு மணிக்கு வாங்க, ஒரு சில நிமிசம் தாறேன்னு காந்தி எழுதுதார். இவர் என்ன பதில் எழுதினார் தெரியுமா? டிராம் வண்டி அஞ்சரைக்கு மேலதாம் கிளம்பும், ஆறு மணிக்குள்ள வந்து சேர முடியுமோ என்னமோ, ஆறரைக்குள்ள வந்துருவேன்னு.

மருமவனே, இந்த இடத்துல ஒரு நிமிசம் நில்லு. கடல்ல ரெண்டு கப்பல் விட்ட மனுசன், டிராம் வண்டிக்குக் காத்து நிக்கார். இதை எந்த மேடைப் பேச்சாளனாவது கற்பனையாச் சொல்ல முடியுமா? சொன்னாலும் மிகைன்னு தள்ளிருவான். காயிதம் சொல்லுது. அதுவும் சொல்லணும்னு சொல்லலை, போற போக்குல சொல்லுது.

அடுத்தது துட்டு. அந்தப் பணம் உங்களுக்கு வந்துச்சான்னு காந்தி கேக்கார். வரலைன்னு இவர் சொல்லுதார். எவ்வளவு, யார் யார் குடுத்தாங்கன்னு காந்திக்கு ஞாபகம் இல்லை. தென்னாப்பிரிக்காவுக்கு எழுதிக் கேட்டுச் சொல்லுதேங்கார். இவர் வேண்டாம்னு கௌரவமாச் சொல்லியிருக்கலாம்லா? நீயா இருந்தா மேடைக்கு மேடை சொல்லியிருப்ப. அவர் சொல்லலை. இப்ப இருக்கிற நிலைமையில வேண்டாம்னு சொன்னா எனக்கும் என் குடும்பத்துக்கும் நான் தப்புப் பண்ணினவன் ஆயிருவேன்னு நேராவே எழுதிட்டார். பொறவு மாசக்கணக்குல நினைவுபடுத்திக்கிட்டே இருந்தார். 1916 தொடக்கத்துலதாம் கணக்குத் தீர்ந்துச்சு. மொத்தம் 347 ரூபாய் 12 அணா. பத்து லட்சத்துக்குக் கம்பெனி வச்சவர் அந்தப் பன்னெண்டு அணாவையும் சேத்துத்தாம் வாங்கினார். இதுக்கு நடுவுல காந்தி தன் கையாலயே தமிழ்ல எழுதின காயிதமும் உண்டு.

இதுல வேடிக்கை என்னன்னா, காந்தி வ.உ.சி. பணத்தைக் குடுக்காம அமுக்கிட்டார்னு ஒரு பேச்சு நம்ம பக்கத்துல ரொம்ப நாள் உலாத்திச்சு. டீக்கடையில நானே கேட்டிருக்கேன், கூட ரெண்டு சேத்து நானே சொல்லியும் இருக்கேன். அந்த வாயை அடைச்சது எந்தத் தலைவர் அறிக்கையும் இல்லை, இந்தத் துட்டுக் காயிதங்கதாம். ஆ. இரா. வேங்கடாசலபதின்னு ஒருத்தர் இருபது வயசு ஆகிறதுக்கு முன்னாலயே, 1984ல வ.உ.சி. கடிதங்களைத் தேடிப் புஸ்தகமாப் போட்டவர். அந்தப் பணக் கதையையும் பின்னால தனியா ஒரு புஸ்தகமா எழுதினார். 347 ரூபாய் 12 அணாங்கிறதையே அதுக்குத் தலைப்புல வச்சார். ஒருத்தர் கேட்டதை இன்னொருத்தர் கிழிச்சுப் போட்டிருந்தா, இன்னைக்கும் டீக்கடையில நான் வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கிட்டு இருப்பேன்.

இதுக்கு மேல நான் விளக்கணுமா? பெரிய மனுசங்க காயிதத்துல துட்டு இருக்கு, டிராம் இருக்கு, எதிர்காத்து இருக்கு. உன் மலர்ல பரிசீலனை மட்டும் இருக்கு.

உன் வார்டு காயிதத்துலயே நல்லது ஒண்ணு உண்டு, எனக்குத் தெரியும். ஏன்னா அதைக் கொண்டுவந்து குடுத்தவன் நான். தெருக்குழாயில மூணு நாளாத் தண்ணி வரலை, ஓட்டுக் கேக்க மட்டும் வீடு தெரிஞ்சுதான்னு வடக்குத் தெருப் பொம்பளை ஒருத்தி கார்டுல எழுதிப் போட்டா. கார்டுல ஏன் எழுதினா? கவர்ல போட்டா நீ மட்டும் வாசிப்ப. கார்டுன்னா சார்ட்டிங் பண்ணுறவன், நான், உன் பொண்டாட்டி, அடுத்த வீட்டுக்காரி எல்லாரும் வாசிச்சுத்தாம் உன் கைக்கு வரும். அது தெரிஞ்சவ அவ. மறுநாளே நீ குழாயடியில நின்ன. உன் அஞ்சு வருசத்துல ஒரு காயிதத்துக்கு ஒரே நாள்ல வேலை நடந்தது அதுக்குத்தாம். அது இருந்தா முதல் பக்கத்துல போடு. வ.உ.சி. கோவிச்சுக்கிட மாட்டார். அவ பேரை மட்டும் மறைச்சுரு. இல்லேன்னா அடுத்த கார்டு உன் மலரைப் பத்தி வரும்.

இனி உன் காயிதம்.

பாளையங்கோட்டையில ஆஸ்டல்ல இருந்து நீ ஒம்பதாம் கிளாஸ்ல எழுதின இன்லண்டு இருபத்தி ரெண்டு இருக்கு. பாரதி ராசாவுக்கு எழுதின அதே பதினாலு வயசு. அவன் செய்யுள் எழுதினான். நீ ஒரே வருசத்துல மூணு தடவை ஜாமெட்ரி பாக்ஸுக்குத் துட்டுக் கேட்டிருக்க. காம்பஸை என்ன, கொறிச்சா தின்ன? மூணாவது இன்லண்டு கொஞ்சம் உப்பலா இருந்துச்சு. உள்ளே எதையும் வைக்கக் கூடாதுன்னு அதுலயே அச்சடிச்சிருக்கும், வச்சா தண்டத் தீர்வை. பிரிச்சுப் பாத்தா, மடிப்புல பாதி கிழிச்ச சினிமா டிக்கெட்டு ஒண்ணு ஒட்டிக்கிட்டு வந்திருக்கு. நீ வேணும்னு வைக்கலை, சட்டைப் பையில ரெண்டும் ஒண்ணாக் கிடந்திருக்கும். தீர்வையை நான் உங்கம்மைகிட்ட கேக்கலை. டிக்கெட்டையும் வாசிச்சுக் காட்டலை. ஆனா எடுத்து வச்சிருக்கேன்.

நீ உடனே வக்கீலைக் கேப்ப, தெரியும். நானே சொல்லிருதேன். காயிதத் தாள் வாங்கினவனுக்குச் சொந்தம், அதுல இருக்கிற எழுத்து எழுதினவனுக்குச் சொந்தம். எழுதினவன் செத்து அறுபது வருசம் வரைக்கும் அந்த உரிமை நிக்கும். ஆகவே நீ சம்மதிக்காம உன் ஜாமெட்ரி பாக்ஸை நான் அச்சடிக்க முடியாது. அதே சட்டப்படி அந்தப் பெரிய அதிகாரியைக் கேக்காம அவர் வாழ்த்தை நீயும் அச்சடிக்கப் படாது. நான் மண்டபத்துல சாப்பிட்டு வெத்தலை போட்டுக்கிட்டு, ஞாபகத்துல இருந்து நாலு பேருக்குச் சொன்னா, அதுக்கு எந்தச் சட்டமும் இல்லை.

பெட்டியை எடுக்க வந்தா இதையும் கேட்டுக்கிட்டுப் போ. லேமினேசன் பண்ணிராத, செல்லோ டேப் ஒட்டிராத. பழுத்து, பசை ஊறி, எழுத்தையும் சேத்துத் தின்னுரும். நம்ம கடக்காத்துக்குக் குண்டூசி ஒரு மழைக்காலம் தாங்காது. துரு பிடிச்சுத் தாளை ஓட்டை போட்டுரும், ஊசியெல்லாம் கழட்டி நூலால கட்டு. கவரைத் தூரப் போட்டுராத, ஸ்டாம்பு அழகா இருக்குன்னு பேரப்பிள்ளைக்கு வெட்டிக் குடுத்துராத. முக்காவாசிப் பய தேதி போட மாட்டான். எந்த ஊர்ல, என்னைக்குப் போட்டான்னு சொல்லுறது அந்த முத்திரை ஒண்ணுதாம். அதை ஓங்கிக் குத்தினவங்க கையைப் பத்தி யாராவது மலர் போட்டிருக்கானா? ராமபாணத்துக்கு வசம்பு போட்டு வச்சிருக்கேன். உங்கம்மை சொல்லிக் குடுத்தது.

அவளுக்கு ஒரு எழுத்துத் தெரியாது. ஒவ்வொரு இன்லண்டையும் நான் ரெண்டு தடவை வாசிக்கணும். ரெண்டாவது தடவை அவ கேக்க மாட்டா, தாளைத்தாம் பாத்துக்கிட்டு இருப்பா. பொறவு வாங்கி ஓலைப்பெட்டியில அடுக்கி வைப்பா, தலைகீழா. மூணாவது ஜாமெட்ரி பாக்ஸுக்கு வீட்டுல துட்டில்லை. விலை ஏறட்டும்னு பரண்ல போட்டிருந்த கருப்பட்டியை அந்த வாரமே உடன்குடிச் சந்தைக்குக் கொண்டுபோய், கேட்ட விலைக்குக் குடுத்துட்டு வந்தா. மணியார்டர் பாரம் நான்தாம் எழுதினேன். அடியில கூப்பன்ல ரெண்டு வரி எழுத இடம் இருக்கும். பிள்ளைக்கு என்ன எழுதட்டும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சா. "ஒண்ணும் எழுதாண்டாம், அவன் துட்டை எண்ணிப் பாக்கட்டும்"னுட்டா. வெறும் இடம் விட்டு அனுப்ப எனக்கு மனசு வரலை. நானா ரெண்டு வரி எழுதினேன்.

நீ எழுதினது எல்லாம் என்கிட்ட இருக்கு. அந்தக் கூப்பன் உன்கிட்ட இருக்கணும். வரும்போது தேடி எடுத்துக்கிட்டு வா, பெட்டியைத் தாறேன். கூப்பன் இல்லேன்னா, உடன்குடிக் கருப்பட்டி அஞ்சு கிலோ. இன்னைய விலைக்கு.



இப்படிக்கு,
உன் தாய்மாமன்